கணினிக்கு நினைவகம் வாங்குதல்

கோலார் தங்கவயலின் பகுதிகளுள் ஒன்று கோரமண்டல். சோழமண்டலம் என்னும் தமிழ்ப்பெயர் ஐரோப்பியர் நாவில் திரிந்து இவ்வடிவம் பெற்றது. கடற்கரைக்கு உரிய பெயர், கடலையே காணாத மேட்டு நிலத்துக்கு வந்தது வியப்புத்தான். தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்குச் சென்றவர்களின் வழிவந்தோர் இன்றும் இங்கு வாழ்கின்றனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பலர் விடியற்காலையில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்புகின்றனர்.

இத்தகைய வீடு ஒன்றில், கைமாறி வந்த பழைய மேசைக்கணினி இருப்பதாகக் கொள்வோம். பிள்ளைகள் பாடம் படிக்கவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் அதுவே துணை. அதன் நினைவகம் 4 ஜிபி மட்டுமே. இணையப் பக்கங்கள் நான்கைந்து திறந்தால் கணினி திணறுகிறது. புதிய கணினி வாங்கப் பணமில்லை, நினைவகத்தைக் கூட்டலாம். தந்தை வேலை முடிந்ததும் பெங்களூரின் எஸ்.பி. சாலைக் கடைகளுக்குச் செல்கிறார். கிங்ஸ்டன், குரூஷியல், கோர்சேர், ஏடேட்டா, டிரான்சென்ட் என ஐந்தாறு பெயர்களைக் கடைக்காரர் அடுக்குகிறார். எதனை வாங்குவது?

முதலில் பொருளை அறிதல் வேண்டும். கணினி அவ்வப்போது செய்யும் வேலைக்கான தரவுகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடமே நினைவகம். வழக்கில் இதனை ரேம் என்பர். நீண்ட பச்சை அல்லது கருநிறப் பலகையில் கருஞ்சில்லுகள் வரிசையாகப் பதிந்திருக்கும். சில்லினுள் கோடிக்கணக்கான நுண்ணிய மின்தேக்கிகள் உள்ளன. அவற்றில் தேங்கும் மின்னூட்டம் கசிந்துவிடும் இயல்புடையது. ஆகையால் அதனை நொடிக்குப் பலமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் நினைவும் அழியும்.

பலகையின் கீழ் விளிம்பில் மஞ்சளாக மின்னும் முனைகளைக் கவனிக்கலாம். அது தங்கப் பூச்சு. தங்கம் காற்றில் கறுப்பதில்லை, துருப்பிடிப்பதில்லை. எனவே மின்தொடர்பு தடையின்றிக் கிடைக்கும். 1990களில் வெள்ளீயப் பூச்சுடைய பலகைகளும் விற்கப்பட்டன. அவற்றைத் தங்கப் பூச்சுடைய செருகுவாயில் பொருத்தினால், இரு உலோகங்கள் உரசும் இடத்தில் நாளடைவில் அரிப்பு உண்டாகும் என எச்சரிக்கப்பட்டது. தங்கவயல் மக்கள் தம் முன்னோர் தோண்டிய உலோகத்தை இச்சிறு முனைகளில் காண்கின்றனர். ஆயினும் தங்க முனையும் தூசுக்குத் தப்பாது. சயனைடு மேடுகளிலிருந்து காற்று வாரி வரும் நுண்மணல் வீட்டுக்குள் புகும் ஊர் இது. நினைவகம் பழுதாகிவிட்டது என்று எண்ணும் முன்னர், மின்னிணைப்பைத் துண்டித்து, பலகையைக் கழற்றி, முனைகளை மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்திப் பார்ப்பது நல்லது.

இனி நிறுவனங்களைப் பற்றி. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை மூன்றே நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். கடையில் காணும் பெயர்களுள் பல, இவர்களிடம் சில்லு வாங்கிப் பலகையில் பதித்து, சோதித்து, ஒட்டுத்தாள் ஒட்டி விற்பவை. 1987இல் தொடங்கப்பட்ட கிங்ஸ்டன் அவ்வகையினது. குரூஷியல், மைக்ரானின் சொந்த வணிகப்பெயர். ஆகவே வெவ்வேறு பெயருடைய இரு பலகைகளில் ஒரே ஆலையின் சில்லுகள் இருத்தல் கூடும்.

வேகத்தில் வேறுபாடு இல்லையா? உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. டிடிஆர்4 வகையில் 3200 என்று எழுதியிருந்தால், நொடிக்கு 320 கோடி முறை தரவு பரிமாறப்படும் என்று பொருள். ஒரு முறைக்கு 8 பைட். எனவே நொடிக்கு 25.6 ஜிபி. அதனுடன் சிஎல் என்றோர் எண்ணும் இருக்கும். தரவைக் கேட்டபின் அது வரத் தொடங்கும்வரை நினைவகம் காத்திருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை அது. சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால், காத்திருப்பு நேரம் நானோநொடியில் கிடைக்கும். 3200 வேகமும் சிஎல் 22உம் உடையதற்கு 13.75 நானோநொடி, சிஎல் 16 உடையதற்கு 10 நானோநொடி. இவ்வேறுபாட்டைப் பாடம் படிக்கும் பிள்ளை உணர்வது அரிது.

அளவு போதாமையோ உடனே தெரியும். நினைவகம் நிரம்பினால் கணினி வன்தட்டின் உதவியை நாடும். சுழலும் வன்தட்டு ஒரு தரவைத் தேடியெடுக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். அது 10 நானோநொடியைப்போல் 10 இலட்சம் மடங்கு. ஆகவே விரைவான 4 ஜிபியைவிடச் சாதாரண 8 ஜிபி இவ்வீட்டுக்கு ஏற்றது. வகை பொருந்துவதும் கட்டாயம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 முனைகளே எனினும் வெட்டுவாயின் இடம் வேறு. ஒன்று மற்றொன்றின் செருகுவாயில் நுழையாது. பழைய பலகையுடன் வேகம் மிக்க புதியதைச் சேர்த்தால், இரண்டும் பொதுவாகக் குறைந்த வேகத்திலேயே இயங்கும்.

கோரமண்டல் குடும்பத்துக்கு வேகத்தினும் பெரிய கேள்வி வேறொன்று. பலகை பழுதானால் அதனைப் பெறுபவர் யார்? பெங்களூருக்கு மீண்டும் சென்றால் ஒரு நாள் கூலி போகும். எனவே மாற்றித் தரும் இடம் எங்குள்ளது, அஞ்சல்வழி அனுப்ப இயலுமா, செலவு யாருடையது என்பவற்றை வாங்கும் முன்பே கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் நினைவகத்துக்கு ‘வாழ்நாள் உத்தரவாதம்’ தருகின்றன. யாருடைய வாழ்நாள் என்பதை விதிமுறைத்தாளில்தான் காண முடியும். நிறுவனத்தின் போக்கும் மாறலாம். 2025 டிசம்பரில் மைக்ரான், குரூஷியல் பெயரில் நுகர்வோருக்கு விற்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது; செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களின் தேவை பெருகியதே காரணம். முன்பு விற்றவற்றுக்கான உத்தரவாதம் தொடரும் என்றும் கூறியது.

இரசீதில்லாப் பலகை சற்று மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குவது சேமிப்பாகாது. இரசீதில் பொருளின் வரிசை எண்ணும் இருந்தால், பலகை போலியா என்பதை நிறுவனத்திடம் சரிபார்க்கலாம். பின்னர் வழக்கு வந்தாலும் அதுவே சான்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். பெங்களூரில் வாங்கிய பொருளுக்குக் கோலார் மாவட்ட ஆணையத்தை நாட இச்சட்டம் வழிசெய்கிறது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

பயிற்சி

3600 வேகமும் சிஎல் 18உம் உடைய பலகையின் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடுக. 3200 வேகமும் சிஎல் 16உம் உடையதனோடு ஒப்பிட்டு, எதற்குக் கூடுதல் விலை தரலாம் எனக் காரணத்துடன் எழுதுக.

பத்து நாளில் பழுதான நினைவகப் பலகையை மாற்றித் தருமாறு கடைக்காரருக்குத் தமிழில் ஒரு கடிதம் வரைக. வாங்கிய நாள், இரசீது எண், வரிசை எண் ஆகியவை அதில் இடம்பெறுதல் வேண்டும்.