விமான நிலையத்தில் ஓர் இத்தாலிய உணவகம்: ஒரு தொழில்நுட்பப் பார்வை



எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். விமானம் ஏறியவர் எவரும் கிடையாது. கப்பல் வேலைக்குப் போன நம் சீனியர் அண்ணன் ஒருவர், ரோம் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் பசியோடு உட்கார்ந்திருந்தாராம். கையில் காசு இருந்தது. “உள்ளே போய் என்ன கேக்கிறதுன்னு தெரியலைடா, கூச்சமா இருந்துச்சு” என்றார். அந்தக் கூச்சம் நமக்கு வேண்டாம் என்றுதான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ரோமின் பெரிய விமான நிலையம் ஃபியூமிசினோவில் உள்ளது. அதற்கு லியொனார்டோ டா வின்சியின் பெயர். ஓவியர் மட்டுமல்ல, இயந்திரங்களை வரைந்து பார்த்த நம்ம துறைக்காரர்! இத்தகைய இடத்தில் சாப்பிட வருபவருக்கு நேரம் குறைவு. எனவே அங்குள்ள சமையல் முழுவதும் நேரக் கணக்குதான்.

1. பீட்சா அடுப்பு

நேப்பிள்ஸ் நகர முறைப்படி விறகு அடுப்பின் வெப்பம் சுமார் 485 டிகிரி செல்சியஸ். பீட்சா 60 முதல் 90 வினாடிகளில் வெந்துவிடும். காரணம் என்ன? கல் தளத்திலிருந்து வெப்பக் கடத்தல், சூடான காற்றினால் வெப்பச் சலனம், வளைந்த கூரையிலிருந்து வெப்பக் கதிர்வீச்சு. நாம் பரீட்சைக்குப் படிக்கும் மூன்றும் ஒரே அடுப்பில்! இந்தக் கலையை யுனெஸ்கோ 2017-இல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விமான நிலையக் கட்டடத்துக்குள் விறகு என்றால் புகை, தீ என்று தொல்லை. அங்கே மின் அடுப்புதான் வசதி. சில கடைகளில் கன்வேயர் அடுப்பு இருக்கும். பெல்ட் வேகத்தை மாற்றினால் வேகும் நேரம் மாறும்.

2. பாஸ்தா

உலர்ந்த பாஸ்தா வேக சுமார் 10 நிமிடம் ஆகும். அவசரக் கடைகளில் முக்கால் பதம் வேகவைத்து, ஆறவைத்து எடுத்து வைப்பார்கள். கேட்டவுடன் கொதிநீரில் முக்கி, சாஸில் புரட்டித் தருவார்கள். கடித்தால் நடுவில் லேசாக உறுதி இருக்கும். வேகவில்லை என்று நினைக்க வேண்டாம், அதுதான் அவர்கள் பதம்.

3. காப்பி

மிலானைச் சேர்ந்த அக்கில்லே காஜியா 1938-இல் நீராவி இல்லாமல், வெந்நீரை அழுத்தத்தால் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை கோரினார். இன்றைய எஸ்பிரெசோ சுமார் 9 பார் அழுத்தத்தில், அரை நிமிடத்துக்குள் இறங்குகிறது.

4. கேட்கும் முறை

அ) பல இடங்களில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் கவுண்டரில் காட்ட வேண்டும். நம்ம ஊர் டோக்கன் முறைதான்!
ஆ) காப்பியை நின்றுகொண்டே குடித்தால் பொதுவாக விலை குறைவு.
இ) “லாத்தே” என்றால் அங்கே வெறும் பால். “பெப்பரோனி” என்றால் குடைமிளகாய்.
ஈ) சைவம் வேண்டுவோர் மார்கரிட்டா கேட்கலாம்: தக்காளி, சீஸ், துளசி இனத்து இலை.
உ) பீட்சாவைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.
ஊ) முதலில் போர்டிங் பாஸில் நேரம் பாருங்கள், பிறகு மெனு பாருங்கள்.

முடிவுரை

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருப்பது நாம் படித்த வெப்பவியலும் அழுத்தமும்தான். பாஷை தெரியாவிட்டாலும் விரலால் காட்டிக் கேட்கலாம். நாளை நம்மில் எவராவது அந்த வழியே வேலைக்குப் போனால், பசியோடு உட்கார வேண்டாம். தைரியமாக உள்ளே போங்கள், பிறகு வரும் தம்பி தங்கைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.



– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை