விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா?

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் சாப்பிட்ட 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இப்படி ஒரே நேரத்தில் பலருக்கு வாந்தி, பேதி வந்தால் பெரும்பாலும் கெட்டுப்போன உணவுதான் காரணம். உடனே புகார் செய்யுங்கள்.

உங்களுக்கு மட்டும் என்றால் வேறு. பால் குடித்த சில மணி நேரத்தில் வயிறு உப்பிக் கலக்கினால், பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் இருக்கலாம். அப்படிப்பட்ட பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். இறால், முட்டை, வேர்க்கடலை சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் தோல் தடித்து உதடு வீங்கினால் ஒவ்வாமையாக இருக்கலாம். மூச்சுத் திணறினால் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது, 108-ஐ அழையுங்கள்.

சாப்பிட்டதையும் நேரத்தையும் போனில் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கேன்டீன் சட்னியில் வேர்க்கடலை சேர்த்திருக்கிறார்களா என்று சமையல்காரரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.