வேலை பார்த்துக்கொண்டே நிதிச் சட்டம் பயில்வது எப்படி?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

முன்னுரை

சட்டம் என்றதும் கறுப்பு அங்கியும் சாட்சிக் கூண்டும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் எளிய மனிதன் சட்டத்தைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் நீதிமன்றம் அன்று. வங்கியின் முகப்பு, கூட்டுறவுச் சங்கம், அடகுக் கடை ஆகிய இடங்களில்தான் அவன் சட்டத்தைச் சந்திக்கிறான். அங்கே அவன் ஒரு தாளில் கையெழுத்திடுகிறான். அந்தக் கையெழுத்தால் யாருக்கு என்ன உரிமை பிறக்கிறது, யார் தலையில் என்ன பொறுப்பு விழுகிறது என்று கூறுவதே நிதிச் சட்டம் ஆகும்.

கணிதம் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். என் தாய்மாமன் மேல்நிலைக் கல்வியோடு வங்கியில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, எழுத்தராக உயர்ந்தவர். வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்கு அவர் இரவில் படிக்கிறார். அவரிடமுள்ள நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நான் வாசிப்பேன், அது வங்கியில் எப்படி நடக்கிறது என்று அவர் தமிழில் சொல்லுவார். ஓராண்டாக இவ்வாறு நான் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்க விழைகிறேன்.

தேர்வும் பாடமும்

1928ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, இன்று இந்திய வங்கியியல் மற்றும் நிதியியல் நிறுவனம் என வழங்கும் அமைப்பே இத்தேர்வை நடத்துகிறது. முதல் கட்டம் ஜே.ஏ.ஐ.ஐ.பி.; அடுத்த கட்டம் சி.ஏ.ஐ.ஐ.பி. 2023ஆம் ஆண்டின் புதிய பாடத்திட்டப்படி முதல் கட்டத்தில் நான்கு தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நூறு மதிப்பெண். ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. இரண்டாம் கட்டத்தில் வங்கி ஒழுங்குமுறையும் வணிகச் சட்டங்களும் தனித் தாளாகவே உள்ளன. பணியில் இருந்தபடியே இவற்றை எழுதலாம். ஆயினும் இது வழக்கறிஞர் ஆவதற்கான வழியன்று என்பதை நினைவிற்கொள்க. அஞ்சல்வழியில் சட்டம் படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது.

முதலில் பயில வேண்டியது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஏனைய நிதிச் சட்டங்களுக்கு இதுவே தாய் எனலாம். அடுத்து, காசோலையையும் புரோநோட்டையும் பற்றிய 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். பின்னர் 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் என வரிசையாகச் செல்வது நலம்.

நான்கு கேள்விகள்

பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்ய முயன்றால் உறக்கம்தான் வரும். ஆகவே என் மாமன் ஒவ்வொரு பிரிவையும் நான்கு கேள்விகளாகப் பிரிப்பார். யார்? எதை? எத்தனை நாளுக்குள்? தவறினால் என்ன? இந்நான்கிற்கும் விடை எழுதிவிட்டால் அந்தப் பிரிவு நம் வசமாகிவிடும்.

எடுத்துக்காட்டாக, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவைக் காண்போம். கணக்கில் பணமில்லாமல் திரும்பிய காசோலையைப் பற்றிய இப்பிரிவு, 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தீர்க்க வேண்டிய கடனுக்காகக் கொடுத்த காசோலைக்கே இது பொருந்தும்; அன்பளிப்பாகக் கொடுத்ததற்குப் பொருந்தாது. இதன் நாட்கணக்கைக் கணித வகுப்பில் வரையும் எண்கோடு போல வரைந்து கொள்ளலாம்.

காசோலை திரும்பிய செய்தி ஜூன் 1 அன்று கிடைத்தது என்று கொள்வோம். முப்பது நாளுக்குள், அதாவது ஜூலை 1க்குள், எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது ஜூலை 5 அன்று காசோலை கொடுத்தவர் கையில் சேர்ந்தால், பணம் கட்ட அவருக்குப் பதினைந்து நாள் உண்டு. ஜூலை 20 வரை காத்திருக்க வேண்டும். கட்டவில்லையெனில் ஜூலை 21 அன்று வழக்கிடும் உரிமை பிறக்கிறது. அன்றிலிருந்து ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப்போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இந்தக் கோட்டை ஒருமுறை தன் கையால் வரைந்தவருக்கு அது மறப்பதில்லை.

அன்றாட வேலையே பாடநூல்

வேலை பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு நேரம் குறைவு. எனினும் முழுநேர மாணவருக்கு இல்லாத ஒரு நன்மை அவருக்கு உண்டு. பாடம் பகல் முழுதும் அவர் மேசைமீதே கிடக்கிறது. அன்று கைக்கு வந்த ஒரு தாளை நினைவில் வைத்து, இரவில் அதற்குரிய பிரிவைத் தேடிப் படிப்பதே சிறந்த முறையாகும்.

காலையில் ஒருவர் நகையை அடகு வைக்கிறார். நகை வங்கியின் பெட்டகத்திற்குப் போகிறது. இது ஒப்பந்தச் சட்டத்தின் 172ஆம் பிரிவு. நண்பகலில் ஒருவர் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கிறார். இது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு. மாலையில் ஒருவர் இருசக்கர வண்டிக்குக் கடன் வாங்குகிறார். வண்டி அவரிடமே இருக்கும். ஆனால் கடன் தீரும்வரை அதன்மீது வங்கிக்கு உரிமை உண்டு. இதற்கு ஹைப்பாதிகேஷன் என்று பெயர், வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலும் குறிக்கப்படும். மூன்றும் கடனுக்கான ஈடுதான். ஆனால் பொருள் யார் கையில் இருக்கிறது என்பதில் வேறுபாடு அடங்கியுள்ளது. ஒருநாள் வேலையே மூன்று பாடங்களைத் தந்துவிடுகிறது அன்றோ!

புரோநோட்டும் அவ்வாறே. நிரப்பப்படாத முத்திரைத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், முத்திரைக்கு உட்பட்ட எந்தத் தொகைக்கும் அதை நிரப்பிக்கொள்ள, பெற்றுக்கொண்டவருக்கு அதிகாரம் கொடுத்ததாகும் என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டின்மீது வழக்கிட, எழுதிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் காலம் உண்டு. அக்காலம் முடியுமுன் சிறிது பணம் கட்டி, தாளின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்திட்டால் மூன்றாண்டுகள் மீண்டும் புதிதாகத் தொடங்கும். மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் கடன்காரர் தாளோடு வீடு தேடி வருவதன் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

ஜாமீன் என்னும் பாடம்

எங்கள் வீட்டிற்கு நெருங்கிய பாடம் இது. என் தந்தை கொத்தனார். தம் பெயரை மட்டும் எழுதக் கற்றவர். உடன் வேலை செய்த ஒருவருக்காக ஒரு நிதி நிறுவனத்தில் ஜாமீன் கையெழுத்திட்டார். "சும்மா சாட்சிக்குத்தான்" என்று அவரிடம் கூறப்பட்டது. கடன் வாங்கியவர் ஊரை விட்டுப் போனார். நான் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது என் தந்தை அந்தக் கடனைக் கட்டினார். அம்மாவின் சங்கிலி அதற்காக விற்கப்பட்டது. "நான் வாங்காத கடனை நான் ஏன் கட்டணும்?" என்று அவர் பலநாள் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் எவருக்கும் விடை தெரியவில்லை.

விடை ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவில் இருந்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் கடன் வாங்கியவரிடம் முயன்று பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்பதுமில்லை. பாங்க் ஆப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாறே தீர்ப்பளித்துள்ளது.

ஆனால் அதே சட்டம் ஜாமீன்தாரரைக் கைவிடவும் இல்லை. அவரைக் கேட்காமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்திற்குப் பிந்திய நடவடிக்கைகளுக்கு அவர் பொறுப்பல்லர் என்கிறது 133ஆம் பிரிவு. கடன் முழுவதையும் கட்டியவர், கடன் கொடுத்தவரின் இடத்தில் நின்று அவருடைய உரிமைகளைப் பெறுகிறார் என்கிறது 140ஆம் பிரிவு. கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெறலாம் என்கிறது 145ஆம் பிரிவு. அதற்கான காலவரையறை, கட்டிய நாளிலிருந்து மூன்றாண்டுகள்.

அந்த வரியை வாசித்த இரவில் மாமனும் நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். மூன்றாண்டுகள் என்றோ கடந்துவிட்டன. சட்டம் எங்களுக்கும் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது; அது எங்களுக்குத் தெரியவருமுன் மூடிவிட்டது. அண்மையில் வேறொரு நண்பர், மகளின் மருத்துவச் செலவிற்காகக் கடன் கேட்டு, என் தந்தையை ஜாமீனுக்கு அழைத்தார். தந்தை மறுக்கவில்லை. ஆனால் தொகை எவ்வளவு, தவணை எத்தனை என்று கேட்டார். தாளை என்னை வாசிக்கச் சொன்னார். முழுவதையும் தாமே கட்ட நேரிடலாம் என்பதை அம்மாவிடமும் சொன்னார். ஒரு நகலும் வாங்கிக்கொண்டு அதன்பின் கையெழுத்திட்டார்.

சில நடைமுறைக் குறிப்புகள்

1. நாள்தோறும் ஒரு மணி நேரம் போதும். ஆனால் அது ஒரே நேரமாக இருத்தல் வேண்டும்.

2. ஒரு நாளில் இரண்டு பிரிவுகளுக்குமேல் வேண்டாம். அவற்றைச் சிறு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தால் பேருந்தில் பார்த்துக்கொள்ளலாம்.

3. சட்டங்கள் திருத்தப்படுவதுண்டு. ஆகவே பழைய நூலை வாங்குபவர் பதிப்பாண்டைப் பார்த்து வாங்க வேண்டும். காசோலை செல்லுபடியாகும் காலம் ஆறு மாதமாக இருந்து, 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதமாயிற்று. பழைய நூலைப் படித்தவர் இங்கேயே தவறுவார்.

4. படித்ததை, சட்டம் அறியாத ஒருவரிடம் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். என் அம்மாவுக்குப் புரியவில்லையெனில் தமக்கே புரியவில்லை என்று பொருள் என்பார் மாமன்.

முடிவுரை

மாமன் இரண்டு தாள்களில் தேறிவிட்டார், இரண்டு எஞ்சியுள்ளன. தேறினால் பதவி உயர்வுக்கு அது துணையாகும் என்பது உண்மையே. ஆயினும் இக்கல்வியின் பயன் பதவி உயர்வோடு முடிந்துவிடுவதில்லை.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் பயில்வோரில் என்னைப் போல் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள் பலர். நாளை நம் வீட்டிற்கு வரும் கடன் தாளையும் நோட்டீசையும் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. எத்துறையில் பணிபுரியச் சென்றாலும், அன்றாடம் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குவோம். கற்றதைத் தாய்மொழியில் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் எடுத்துரைப்போம். உரிய காலத்தில் அறிந்த சட்டமே நமக்கு உதவும் என்பதை நெஞ்சில் நிறுத்துவோமாக.