ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள்



மழை பெய்த மறுநாள் வரப்பில் நடந்து வருகிறீர்கள். தலையில் புல்லுக்கட்டு. கால் வழுக்குகிறது. ஒருவர் சமாளித்து நின்றுவிடுகிறார். மற்றவர் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். "வயசாயிடுச்சு, தடுமாறத்தானே செய்யும்" என்று இதை விட்டுவிடக் கூடாது. சமநிலை பழகினால் வரும்.

சமநிலை என்றால் என்ன?

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது நம்மை விழாமல் காப்பவை மூன்று: கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு. இவை தரும் சேதியைக் கொண்டு மூளை கணுக்கால், தொடை, இடுப்புத் தசைகளை இயக்குகிறது. வயது ஏற ஏற இந்த வேலை மந்தமாகிறது, தசையும் மெலிகிறது. பயிற்சி இரண்டையும் காக்கும்.

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவரைப் பார்த்திருப்பீர்கள். அது பல்லவர் காலத்துச் சிற்பம். அவ்வளவு பழைய பயிற்சி இது.

விருட்சாசனம் செய்யும் முறை

1. காலையில் வெறும் வயிற்றில், ஈரமில்லாத சமதரையில், சுவரை ஒட்டி, வெறுங்காலுடன் நில்லுங்கள்.

2. உடல் எடையை இடது காலில் தாங்கி, வலது பாதத்தை இடது தொடையின் உட்பக்கம் வையுங்கள். முடியாவிட்டால் கெண்டைக்காலில் வைக்கலாம். முழங்கால் மூட்டின்மேல் மட்டும் வைக்கவே கூடாது. புடவை கட்டியவர்கள் கணுக்காலில் வைத்தாலே போதும்.

3. எதிரே அசையாத ஒரு புள்ளியைப் பாருங்கள். மனசு அலைந்தால் உடம்பும் ஆடும். இதுவே மனதை ஒருநிலைப்படுத்தும் பயிற்சி.

4. கைகளை மார்பருகே குவியுங்கள். உறுதி வந்தபின் தலைக்குமேல் உயர்த்தலாம். மூச்சை அடக்க வேண்டாம்.

5. முதலில் பத்து எண்ணும்வரை நின்றால் போதும். நாளாக ஆக முப்பது வரை கூட்டுங்கள். கால் மாற்றிச் செய்யுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை.

ஒருவர் செய்யும்போது மற்றவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று எண்ணட்டும். நான் ஐம்பது வயதில் தொடங்கியபோது நான்கு எண்ணுவதற்குள் காலை ஊன்றிவிட்டேன். என் மனைவி சிரித்தாள். ஆனாலும் தோள் கொடுத்தாள். "எனக்கு ஏதுங்க நேரம்?" என்று அம்மா கேட்டால், அடுப்படி வேலையில் ஐயா கைகொடுங்கள், நேரம் கிடைக்கும்.

எச்சரிக்கை

கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவித்தவர்கள், குடும்பநல அறுவை செய்துகொண்டவர்கள், மூட்டு வலியோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் செய்யவும். நிற்கும்போது தலை சுற்றினால் உடனே உட்காருங்கள். பெண்களுக்கு இது இரத்தசோகையின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆசனத்திலேயே சரியாகிவிடும் என்று இருந்துவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கால் உறுதி, மனம் உறுதி. இருவரும் பழகினால் குடும்பமே உறுதி!