சம்பளச் சீட்டின் பிடித்தப் பக்கம்

"நாங்க ஆஸ்பத்திரிப் பக்கமே போறதில்லீங்க சார், இந்த இ.எஸ்.ஐ.யை நிறுத்திடுங்களேன்." கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் சம்பளக் கணக்குப் பார்த்த காலத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கேட்கிறவர்களை உட்காரவைத்துச் சீட்டின் பிடித்தப் பக்கத்தை வரிவரியாக விளக்குவேன்.

மாதம் 18,500 ரூபாய் வாங்குபவரிடம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், அதாவது 139 ரூபாய் பிடிக்கிறார்கள். ஆலை தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. இதற்குக் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது. உடம்பு முடியாமல் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கைக்கு வரும். ஆனால் அதற்குரிய அரையாண்டில் குறைந்தது 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அடிக்கடி சம்பளமில்லா விடுப்பு எடுப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது என்பது பலருக்கும் தெரியும். தாண்டிய மாதமே நின்றுவிடாது என்பதுதான் தெரியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. மே மாதம் சம்பளம் ஏறினாலும் செப்டம்பர் வரை பிடிப்பார்கள். அதைத் தண்டம் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பணப்பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை இருக்கிறது. நான் கணக்குப் பார்த்த காலத்தில் ஓவர்டைம் பார்த்த மாதம் பிடித்தம் கூடியதும் சரிதான். வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கவில்லை, சந்தாவுக்குச் சேர்த்தார்கள்.

அடுத்து பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) வரிக்கு வருவோம். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் உங்களிடம் பிடிப்பது. முதலாளியும் அதே 12 சதவீதம் தருகிறார். ஆனால் பாஸ்புக்கில் அவர் பங்கு குறைவாகத் தெரியும், உடனே சண்டைக்கு வருவார்கள். அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் பிரிந்துபோவதுதான் காரணம். 15,000 ரூபாய் உச்சவரம்பு இருப்பதால் அந்தப் பத்தியில் 1,250 ரூபாய்க்கு மேல் ஏறாது. வி.பி.எஃப். என்று தனி வரி இருந்தால் அது நீங்களாக விரும்பிக் கூடுதலாகக் கட்டுவது. பி.டி. என்பது தொழில் வரி. அது உள்ளாட்சிக்குப் போகிறது, காப்பீட்டோடு சம்பந்தமில்லை.

மாத ஓய்வூதியம் வேண்டுமென்றால் 10 ஆண்டு சேவை வேண்டும். கல்யாணம் ஆனதும், ஆலை மாறியதும் மொத்தத்தையும் எடுத்துவிடுகிற பெண்களைப் பார்த்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. யு.ஏ.என். என்ற பழைய பி.எஃப். அடையாள எண்ணையே புது இடத்தில் கொடுங்கள், சேவைக் காலம் தொடரும்.

சீட்டில் பிடித்ததாக இருப்பதாலேயே பணம் கட்டியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம். யு.ஏ.என்.னோடு இணைத்த கைபேசியிலிருந்து 9966044425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியில் வரும். வேறொரு ஆலையிலிருந்து வந்து எங்களிடம் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மாதக்கணக்கில் பிடித்தம் நடந்திருந்தது, பாஸ்புக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. அவர் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால் பி.எஃப். அலுவலகத்தில் ஆதாரத்தோடு புகார் கொடுக்க முடிந்தது. ஆகவே சீட்டைக் கசக்கி எறியாதீர்கள், போட்டோவாவது எடுத்து வையுங்கள். வேலையில் சேர்ந்த முதல் மாதமே உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே பதிவாகியிருக்கிறதா என்று சம்பளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.