சொத்தைப் பல்லை அடைத்தால் குளிப்பு நிறைவேறுமா?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் கன்னத்தைப் பிடித்தபடி வந்தார். "ஹழ்ரத், கடைவாய்ப் பல் சொத்தை. டாக்டர் அடைக்கச் சொல்லி எட்டு மாதமாகிறது. அடைத்தால் உள்ளே தண்ணீர் படாது, குளிப்பும் தொழுகையும் கூடாது என்கிறார்கள் ரூமில் உள்ளவர்கள்" என்றார். அவர் முகம் வீங்கியிருந்தது. அவருடைய பேணுதல் நல்லதே. ஆனால் மஸ்அலாவை விசாரிக்காமல் வேதனையைச் சுமந்துவிட்டார். இவரைப் போன்றோர் பலர் இருக்கலாம் என்பதால் இதனை எழுதுகிறோம்.

முதலில் சிகிச்சையை அறிவோம். சொத்தை சிறிதாயின் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வெள்ளியும் பாதரசமும் கலந்த கலவையாலோ பல்நிறப் பசையாலோ அடைப்பார்கள். நரம்பு வரை சென்றுவிட்டால் வேர் சிகிச்சை செய்து மேலே கேப் போடுவார்கள். பல்லை எடுத்துவிட்டால் நிலையாகப் பொருத்தும் பல்லோ, கழற்றி மாட்டும் பல்செட்டோ வைப்பார்கள்.

இனி மஸ்அலா. கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி மத்ஹபில் பர்ளு. ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்து. நம் பகுதியில் ஹனஃபிகள் அதிகம். வேலை தேடி வந்த கடற்கரை ஊர்க்காரர்களில் ஷாஃபிஈகள் பலர். ஷாஃபிஈகளுக்கு இதனால் குளிப்பில் குறை வராது. ஹனஃபிகளுக்கும் அச்சம் தேவையில்லை. சிகிச்சைக்காக நிலையாகப் பதித்த அடைப்பும் கேப்பும் பல்லின் சட்டத்தையே பெறும். அவற்றின் மேற்புறம் நனைந்தால் போதும். பெயர்த்தெடுப்பது சிரமம், தீங்கும் உண்டு. மார்க்கத்தில் நம்மீது சிரமத்தை ஏற்படுத்த அல்லாஹ் நாடவில்லை. ஆனால் எளிதில் கழற்றக்கூடிய பல்செட்டை ஹனஃபிகள் கழற்றிவிட்டே கொப்பளிக்க வேண்டும்.

தங்கப் பல் கூடுமா என்றும் சிலர் கேட்கின்றனர். குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு வைத்தார்கள்; அதில் துர்நாற்றம் உண்டாகவே, தங்கத்தால் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இது அபூதாவூத், திர்மிதீ கிரந்தங்களில் உள்ளது. ஆகவே தேவைக்காக அனுமதி உண்டு. இன்று பீங்கான் கேப் கிடைப்பதால், ஆண்கள் அழகுக்காகத் தங்கத்தை நாடுவதைத் தவிர்க்க வேண்டும்.

நோன்பில் மரத்துப்போகும் ஊசி போடுவதால் நோன்பு முறியாது. ஆனால் தண்ணீரோ மருந்தோ தொண்டைக்குள் இறங்கினால் முறியும். அவசரமில்லையேல் இஃப்தாருக்குப் பின் செல்வதே பேணுதல்.

இன்னொன்று: கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. சிறு வயதில் அதைக் குடித்தோர் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை உண்டு. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அந்தக் கறை வேறு, சொத்தை வேறு. எதுவென மருத்துவரே சொல்ல வேண்டும்.

நம் உடல் அல்லாஹ் தந்த அமானிதம். மிஸ்வாக்கைப் பேணுவோம், சொத்தை கண்டால் உடனே காட்டுவோம். அந்த வாலிபர் மறுநாளே மருத்துவரிடம் சென்றார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எட்டு மாதத்துக்கு முன் அடைப்போடு முடிந்திருக்க வேண்டியது, இப்போது வேர் சிகிச்சையில் வந்து நின்றது. வல்லாஹு அஃலம்.