குளத்தங்கரைக்கு எந்தப் பைனாகுலர்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வயது 63. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். காலையில் குளத்துக் கரையில் நடக்கும்போது பறவை பார்ப்பேன். எப்போதாவது முண்டந்துறைப் பக்கம் போய் மிளா, கருமந்தி பார்த்து வருவதும் உண்டு. என் தாத்தா இதே மலையடிவாரத்தில் முயல் வேட்டைக்குப் போனவர். எனக்குப் பார்த்தாலே போதும். பைனாகுலருக்கு 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் 30 மடங்கு ஜூம் உள்ள ஒன்றைக் காட்டுகிறார். நண்பர் 10×50 வாங்கச் சொல்கிறார். நான் மூக்குக்கண்ணாடி போடுபவன். எதை வாங்கலாம்? அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போனால் வனத்துறையினர் ஏதாவது சொல்வார்களா?

பதில்: ஐயா, அந்த ஜூமைத் தயவுசெய்து வாங்காதீர்கள். உங்களுக்கு ஏற்றது 8×42. கடையில் யார் என்ன சொன்னாலும் அதிலிருந்து இறங்கி வராதீர்கள்.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதுதான் உங்கள் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. நல்ல வெயிலில் நம் கண்ணின் பாப்பா 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். கருக்கல் நேரத்தில் விரியும். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு 5 மி.மீ.-க்கு மேல் விரிவது அபூர்வம். ஆக, உங்கள் கண் வாங்கிக்கொள்ளக்கூடிய வெளிச்சம் முழுவதையும் 8×42 தந்துவிடும். மிளா தோப்போரம் இறங்குவது விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும்தான் என்பதால் இந்தக் கணக்கு உங்களுக்கு மிக முக்கியம். 25 மி.மீ. லென்ஸில் 30 மடங்கு என்றால் ஒளிக்கற்றை 1 மி.மீ. கூட இல்லை. பட்டப்பகலிலேயே மங்கலாகத் தெரியும்.

மங்கல் மட்டுமா? படம் பெரிதாகும் அளவுக்குக் கை நடுக்கமும் பெரிதாகும். 10 மடங்குக்கு மேல் போனால் முக்காலி இல்லாமல் நிம்மதியாகப் பார்க்க முடியாது. பார்வைப் பரப்பும் குறுகிவிடும். 8 மடங்கில், ஆயிரம் மீட்டர் தள்ளி ஏறக்குறைய 125 முதல் 140 மீட்டர் அகலத்துக்குக் காட்சி விரியும். கிளைக்குக் கிளை தாவும் கருமந்தியைத் தொடர்ந்து பார்க்க அந்த அகலம் வேண்டும். இன்னொன்று, காலை பத்து மணிக்கு மேல் குளத்தில் கானல் எழும்பிவிட்டால் எத்தனை மடங்கு வைத்துப் பார்த்தாலும் பூநாரை நெளிந்துதான் தெரியும். அப்போது பெருக்கம் கூடினால் நெளிவும் கூடும், அவ்வளவுதான்.

உங்கள் நண்பர் சொன்ன 10×50 மோசமில்லை. ஒளிக்கற்றை 5 மி.மீ. கிடைக்கும். ஆனால் பலவற்றின் எடை முக்கால் கிலோவைத் தாண்டி ஒரு கிலோவை நெருங்கும். ஒரு மணி நேர நடையில் கழுத்து வலித்தால், மறுநாள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவீர்கள். கையில் இல்லாத கருவியால் என்ன பயன்?

இப்போது மூக்குக்கண்ணாடி விஷயம். கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான். கண் லென்ஸிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தள்ளி உங்கள் கண் இருந்தால் முழுக் காட்சி தெரியும் என்று ஒரு தூரம் உண்டு. கண்ணாடி போடுபவர்களுக்கு அது குறைந்தது 15, 16 மி.மீ. இருக்க வேண்டும். நம்மூர்ப் பறவை ஆர்வலர்கள் பலர் தொடங்கியது ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ் I-இல்தான். கொடுத்த காசுக்கு அருமையான கருவி. ஆனால் அதில் இந்தத் தூரம் 12 மி.மீ.தான். கண்ணாடியோடு பார்த்தால் காட்சியின் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுவிடும். நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42-இல் இது 20 மி.மீ. அளவுக்கு இருக்கிறது; எடையும் 600 கிராமுக்குள்; தண்ணீர் புகாது. உங்கள் தொகைக்குள் கிடைக்கிறதா என்று முதலில் அதை விசாரியுங்கள். ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: உங்களுடையது படிக்கும் கண்ணாடி மட்டும்தானா? அல்லது கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும்தானா? அப்படியானால் அதைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பியே சரிசெய்துகொள்ளலாம். ஒலிம்பஸே போதும், பணமும் மிச்சம். சிலிண்டர் பவர் இருந்தால்தான் கண்ணாடியைக் கழற்ற முடியாது.

வாங்குவதற்கு முன் கடை வாசலுக்கு எடுத்துவந்து பாருங்கள். கையை நீட்டிப் பைனாகுலரை வானத்துக்கு நேரே பிடித்தால், கண் வைக்கும் பக்கத்தில் வெளிச்ச வட்டம் ஒன்று தெரியும். அது முழு வட்டமாக, ஓரம் வரை ஒரே வெளிச்சமாக இருந்தால் உள்ளே நல்ல பிரிசம். ஓரங்கள் வெட்டியதுபோலச் சதுரமாகத் தெரிந்தால் மலிவானது. அடுத்து, கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பாருங்கள். வெளிர் வானத்துக்கு எதிரே அதன் கறுப்பு விளிம்பில் ஊதாவும் பச்சையும் தடித்து வழிந்தால் வேண்டாம். ஐந்து நிமிடம் பார்த்தும் கண் வலிக்காமல், படம் இரண்டாகப் பிரியாமல் இருக்க வேண்டும். முன் லென்ஸ் சிவப்பாகப் பளபளத்தால் அந்தப் பெட்டியையே மூடிவிடுங்கள். சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் நிறமெல்லாம் மாறித் தெரியும். பெட்டியில் 60×60 என்று போட்டிருந்தால் ஸ்கேலை வைத்து லென்ஸை அளந்து பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

வாங்கியதும் வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். ஒருமுறை செய்தால் போதும். பலர் இதைச் செய்யாமலே பைனாகுலர் சரியில்லை என்கிறார்கள். கண்ணாடியோடு பார்ப்பதானால் கண் வளையங்களை உள்ளே திருகிவிடுங்கள். பறவையைக் கண்டதும் தலையைக் குனிந்து கருவியைத் தேடாதீர்கள். பார்வை பறவை மேலேயே இருக்க, கருவியைக் கண்ணுக்குத் தூக்குங்கள்.

பைனாகுலருக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் முண்டந்துறை 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. வனத்துறை அனுமதித்த இடத்துக்கு, அனுமதித்த நேரத்தில்தான் போகலாம். தாத்தா காலம் வேறு. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று முயலைப் பிடித்தாலும் குற்றம்தான்.

குளத்தில் நீங்களாகவே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டுப்பாடு ஒன்று உண்டு. கூடு கட்டியிருக்கும் மரத்தை நெருங்கக் கூடாது. தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் வதங்கும், காக்கைக்கு இரையாகும். 80 மீட்டர் தள்ளி நின்றாலும் 8 மடங்கில் அது 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளத்துக்குப் போனால் வீட்டு மரங்களிலேயே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த ஊர் மக்கள் அவற்றைத் தொந்தரவு செய்யாமல் காத்து வருகிறார்கள்.

மழைக்காலத்தில் கருவியைத் தோல் பையில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிடாதீர்கள், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜனவரியில் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பதுண்டு. அதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவிட்டால் கை பழகிவிடும். தன்னார்வலர்களோடு நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.